விருச்சிக ராசி: கதையிலிருந்து குணத்தைப் படிப்பது எப்படி

விருச்சிகம் என்று சொன்ன உடனேயே "பழிவாங்குவார்கள், மனசுக்குள் வைத்துக்கொள்வார்கள், ரகசியக்காரர்கள்" என்று ஒரு பட்டியல் வந்து விழும். தேளின் கொடுக்கை மட்டும் பார்த்து எழுதப்பட்ட பட்டியல் அது. இந்த ராசியைச் சுற்றியுள்ள புராணங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பார்த்தால் வேறு ஒன்று புலப்படும். கதைகளில் தேள் தன் விருப்பத்துக்காகக் கிளம்பிப் போய் யாரையும் கொட்டுவதில்லை. யாரோ அனுப்பி வருகிறது, யாருக்காகவோ கோபப்படுகிறது, அல்லது ஓர் இடத்தைக் காத்து நிற்கிறது. வஞ்சம் என்ற சொல்லுக்குப் பதில் காவல் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த ராசியைப் படித்தால் நட்சத்திரம், அதிபதி (ராசிக்குரிய கிரகம்), நீசம் (கிரகம் பலம் குன்றும் நிலை) எல்லாம் ஒரே திசையைக் காட்டும். அதற்கான வழிமுறை இது.

எந்த விருச்சிகம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. மேற்கத்திய சாயன முறையில் (பருவங்களை வைத்துக் கணக்கிடுவது) சூரியன் அக்டோபர் 23 வாக்கில் விருச்சிகத்துக்குள் நுழைந்து நவம்பர் 21 வாக்கில் வெளியேறும். நம் நிராயன முறையில் (விண்மீன்களை வைத்துக் கணக்கிடுவது) கார்த்திகை மாதம்தான் விருச்சிக மாதம். ஏறத்தாழ நவம்பர் 16 முதல் டிசம்பர் 15 வரை. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளிதான் அயனாம்சம். பரவலாகப் பயன்படும் லாகிரி கணக்கில் அது இப்போது 24 பாகையைத் தாண்டியிருக்கிறது. வானியலாளர்கள் 1930இல் வகுத்த விண்மீன் கூட்ட எல்லைகளின்படி பார்த்தால் சூரியன் தேள் கூட்டத்துக்குள் இருப்பது நவம்பர் கடைசியில் ஒரு வாரம் மட்டுமே.

ஆக, நவம்பர் 5ஆம் தேதி பிறந்த ஒருவர் ஆங்கிலப் பத்திரிகையில் விருச்சிகம், பஞ்சாங்கத்தில் சூரியனுக்குத் துலாம். போதாததற்கு, நாம் ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற ராசியை. சந்திரன் ஒரு ராசியில் இரண்டேகால் நாள் இருக்கும். லக்னமோ (பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசி) சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும்.

ஒரு தாளில் லக்னம், சந்திரன், சூரியன் மூன்றும் எந்த ராசியில் என்று நிராயனக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். சந்திரன் விருச்சிகத்தில் இருந்தால் கீழே சொல்வதை மனத்தின் சுபாவமாகப் படிக்கலாம். லக்னம் விருச்சிகமானால் உடல், நடை, வாழ்க்கையை எதிர்கொள்ளும் விதம். சூரியன் மட்டும் இருந்தால் அதிகாரத்தையும் மரியாதையையும் அவர் கையாளும் விதம். அதற்கு மேல் இழுக்க வேண்டாம். சாயனக் கணக்கில் எழுதிய பலனை நிராயன ஜாதகத்தின் மேல் ஒட்டவே கூடாது.

வானத்தில் தேளைப் பாருங்கள்

படத்தைப் பார்த்துக் குணம் சொல்வதை விட வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்வது மேல். ஜூன், ஜூலை மாதங்களில் இருட்டிய பிறகு தெற்குப் பக்கம் பாருங்கள். சிவப்பாக ஒரு பெரிய விண்மீன் தெரியும். நாம் கேட்டை என்கிறோம். அந்தாரெஸ் என்பது அதன் கிரேக்கப் பெயர். செவ்வாயின் நிறத்தோடு போட்டி போடுவதால் வந்த பெயர் அது. அரபு வானியலாரும் இதைத் தேளின் நெஞ்சு என்றார்கள். அதன் இரு புறமும் மங்கலாக ஒவ்வொரு விண்மீன். மூன்றும் சேர்ந்து கேட்டை. அதற்கு முன்னால் சற்று வளைந்த வரிசையாக நிற்பவை அனுஷம். முடப்பனை என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். அதற்கும் முன்னால் பழங்காலத்தில் தேளின் இடுக்கிகள் என்று கருதப்பட்ட விண்மீன்கள், நம் விசாகம். பின்னால் வளைந்து மேலேறும் வாலின் முனையில் மூலம்.

இப்போது ராசி எல்லையை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு நட்சத்திரத்தின் நான்கில் ஒரு பங்கு ஒரு பாதம். விசாகத்தின் முதல் மூன்று பாதங்கள் துலாத்தில் போய்விடுகின்றன. மூலம் முழுவதும் தனுசு. கொடுக்கின் நுனி விருச்சிக ராசிக்குள் வருவதே இல்லை! ராசிக்குள் இருப்பது இடுக்கியின் அடி, தலை, நெஞ்சு, வாலின் தொடக்கம். கொடுக்கை வைத்தே முழு ராசியையும் எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கதைகளை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு கதையிலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். தேளை அனுப்பியது யார், அல்லது அது யாருடைய பக்கம் நிற்கிறது? எதைக் காக்கிறது? அதன் கோபம் சரியான ஆளின் மேல் விழுகிறதா? மூன்றாவது கேள்வியைப் பலர் கேட்பதில்லை. ராசியின் பலவீனம் அங்கேதான் தெரியும்.

கிரேக்கத்தில் ஒராயன் என்ற வேடன், பூமியில் உள்ள எந்த மிருகத்தையும் கொல்வேன் என்று மார்தட்டுகிறான். பூமித்தாய் கேயா தன் உயிர்களைக் காக்க ஒரு தேளை அனுப்புகிறாள். இன்னொரு வடிவத்தில், ஒராயன் ஆர்ட்டெமிஸ் தேவியின் ஆடையைப் பற்றி இழுக்க, அவள் மலையைப் பிளந்து தேளை வரவழைக்கிறாள். அனுப்பியவர் மாறினாலும் காரணம் ஒன்றுதான்: எல்லை மீறல். இருவரும் வானத்தில் எதிரெதிரே வைக்கப்பட்டார்கள். மிருகசீரிஷம், திருவாதிரைப் பக்கம் இருக்கும் ஒராயன் மேற்கே மறையும்போதுதான் கிழக்கே தேள் எழும். சீனர்களும் இதே இரு கூட்டங்களை ஓயாமல் சண்டையிட்ட அண்ணன் தம்பியாகப் பார்த்தார்கள். அரசன் அவர்களை ஒருபோதும் சந்திக்க முடியாத இரு திசைகளுக்கு அனுப்பிவிட்டானாம். விருச்சிகத்தாரின் பிரிவுகள் முழுப் பிரிவுகளாக இருக்கும் என்று மரபு சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான கதை கிடையாது.

ஃபேத்தன் கதை சின்னது, ஆனால் முக்கியமானது. சூரியனின் மகன் அப்பாவின் தேரை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டு வழி தவறுகிறான். தேள் அதன் இடத்தில்தான் இருக்கிறது. பையன் அருகில் போய், அதன் உருவத்தைக் கண்டு மிரண்டு கடிவாளத்தை விட்டுவிடுகிறான். தேள் அவனைக் கொட்டவே இல்லை. விருச்சிகத்தாரின் மௌனத்தையும் பார்வையையும் பார்த்துப் பிறர் பயந்துபோய் எடுக்கும் முடிவுகளுக்கு அவர்களே பழி சுமப்பது இப்படித்தான்.

மெசபடோமியாவில் கில்காமெஷ் என்ற அரசன் மாஷு மலைக்கு வருகிறான். சூரியன் போய்வரும் வாயில் அது. அங்கே தேள் மனிதனும் அவன் மனைவியும் காவல். அவர்களுடைய பார்வையே மரணம் என்று சொல்லப்படுகிறது. ஆனால் அவர்கள் வந்தவனைக் கொட்டவில்லை. யார் நீ, எதற்கு இவ்வளவு தூரம் வந்தாய் என்று விசாரிக்கிறார்கள். உள்ளே எவ்வளவு இருட்டு என்று எச்சரிக்கிறார்கள். பிறகு வழி விடுகிறார்கள். விசாரணை, எச்சரிக்கை, அனுமதி என்ற இந்த வரிசையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். விருச்சிகத்தார் நட்பு கொள்ளும் முறை இதுதான்.

எகிப்தில் தேளைத் தலையில் சூடிய செர்க்கெட் தேவி விஷத்திலிருந்து காப்பவள். இன்னொரு கதையில் ஐசிஸ் தேவி ஏழு தேள்கள் துணையாக வர, அடைக்கலம் தேடிப் போகிறாள். பணக்காரப் பெண் கதவைச் சாத்துகிறாள். ஏழைப் பெண் திறக்கிறாள். தேள்களுக்குப் பொறுக்கவில்லை. ஆறு தேள்கள் தங்கள் விஷத்தை ஏழாவது தேளிடம் சேர்க்க, அது கதவின் அடியில் நுழைந்து பணக்காரியின் குழந்தையைக் கொட்டிவிடுகிறது. ஐசிஸ் மனம் இரங்கி, விஷத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு இறக்கிக் குழந்தையைப் பிழைக்க வைக்கிறாள். இந்தக் கதையில் தேள்களுக்குத் தங்கள் காரியம் எதுவுமில்லை. நேசித்தவளுக்கு நேர்ந்த அவமானம்தான் கோபத்தின் காரணம். ஆனால் கொட்டு வாங்கியது கதவைச் சாத்தியவள் அல்ல, குழந்தை. மூன்றாவது கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. தனக்கு நேர்ந்ததை மறந்தாலும் தன்னவருக்கு நேர்ந்ததை மறக்காத குணம், சேர்த்து வைத்த கோபம், அது விலாசம் மாறிப் போய் விழும் ஆபத்து மூன்றையும் ஒரே கதையில் எடுக்கலாம்.

நம் புராணத்தில் ராசிநாதன் செவ்வாய், சிவனின் வியர்வைத் துளி மண்ணில் விழுந்து பிறந்து, பூமாதேவி வளர்த்த பிள்ளை. ஒராயன் கதையில் தேளை அனுப்பியதும் பூமிதான். இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் படிக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று தாங்கும். செவ்வாயின் தெய்வம் முருகன், அவருடைய நட்சத்திரம் விசாகம். சூரனை அடக்கவே தோன்றிய சேனாபதி. அங்கேயும் பிறப்புக்கு ஒரு காரியம் இருக்கிறது.

உயிருள்ள தேளையும் கவனியுங்கள்

சிறிய இரையைத் தேள் பெரும்பாலும் இடுக்கியாலேயே பிடித்து நசுக்கிவிடும். விஷம் சுரக்க நேரமும் சக்தியும் பிடிப்பதால் அதை வீணாக்காது. தரையின் அதிர்வைக் காலால் உணர்ந்தே இரை வருவதை அறிகிறது. தாய்த் தேள் குட்டிகளை ஈன்று, முதல் தோல் உரியும்வரை முதுகில் சுமக்கும். நெருப்பு வளையத்துக்குள் வைத்தால் தன்னையே கொட்டிச் சாகும் என்பது கட்டுக்கதை. வெப்பத்தில் உடல் முறுக்கிக்கொள்வதுதான் அப்படித் தோன்றுகிறது. இந்தக் கட்டுக்கதையிலிருந்து "தன்னைத்தானே அழித்துக்கொள்வார்கள்" என்று ஒரு வரி பல புத்தகங்களில் ஏறிவிட்டது. அதை நீக்கிவிடுங்கள்.

நட்சத்திர பாதம் வரை இறங்குங்கள்

ராசியோடு நிறுத்தினால் பலன் பொத்தாம் பொதுவாகவே இருக்கும். விருச்சிகத்தின் 30 பாகைக்குள் மூன்று வேறு மனிதர்கள் இருக்கிறார்கள்.

விசாகம் 4ஆம் பாதம், 0 முதல் 3 பாகை 20 கலை வரை (60 கலை ஒரு பாகை). நட்சத்திர நாதன் குரு, தேவதை இந்திரனும் அக்னியும். வானத்தில் இடுக்கி: பிடித்தால் விடாது. குறிக்கோள் ஒன்று கிடைத்துவிட்டால் வேறெதுவும் கண்ணில் படாது. சந்திரன் பரம நீசமடையும் (மிகக் குறைந்த பலம் பெறும்) 3 பாகையும் இந்தப் பாதத்துக்குள்தான். அதே சமயம் இந்தப் பாதத்தின் நவாம்சம் (ராசியை ஒன்பதாகப் பிரித்த உட்பிரிவு) கடகம், சந்திரனின் சொந்த வீடு. வெளியே கலக்கம், உள்ளே கனிவு. இரண்டையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். நீசத்தை மட்டும் எழுதினால் பாதி ஜாதகம்தான்.

அனுஷம், 3 பாகை 20 கலை முதல் 16 பாகை 40 கலை வரை. நாதன் சனி, தேவதை மித்திரன், நட்புக்கும் கொடுத்த வாக்குக்கும் உரிய தேவன். விருச்சிகத்தின் மிக மென்மையான பகுதி இது. நட்பைப் பல வருடங்கள் சோதித்துவிட்டுத்தான் ஏற்பார்கள்; ஏற்றபின் தூக்கிச் சுமப்பார்கள். நான்கு பாதங்களின் நவாம்சம் முறையே சிம்மம், கன்னி, துலாம், விருச்சிகம். நான்காம் பாதம் வர்கோத்தமம் (ராசியும் நவாம்சமும் ஒன்றே), ஆகவே ராசியின் குணம் கலப்பில்லாமல் தெரியும்.

கேட்டை, 16 பாகை 40 கலை முதல் 30 பாகை வரை. நாதன் புதன், தேவதை இந்திரன். விருத்திரன் என்ற அசுரனைக் கொன்று நீரை விடுவித்த அதே இந்திரன், கொன்ற பாவத்துக்குப் பயந்து தாமரைத் தண்டுக்குள் ஒளிந்த கதையையும் சேர்த்துப் படியுங்கள். வெற்றி பெற்றவரின் அச்சம் அது. கேட்டைக்காரர்கள் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொள்வார்கள், நடத்தியும் காட்டுவார்கள். பதவி கைநழுவுமோ என்ற கவலை மட்டும் ஓயாது. புதன் இருப்பதால் கொட்டு, சொல்லில் வரும். ஒரே வாக்கியத்தில் ஆளைச் சுருக்கிவிடும் வாய் இது.

செவ்வாயும் சந்திரனும் எங்கே?

விருச்சிகம் ஸ்திர (நிலைத்த) ராசி, நீர் ராசி. நீர் ராசிகளை ஊமை ராசிகள் என்றும் சொல்வார்கள். ஓடாத நீர், பேசாத ராசி: கிணறு போல. மேலே சலனம் தெரியாது, ஆழம் இறங்கினால்தான் தெரியும். இதன் அதிபதி செவ்வாய் நெருப்புக் கிரகம் என்பதால் உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே இருக்கும்.

செவ்வாய் நிற்கும் இடம் அந்த அழுத்தம் எங்கே வெளியேறும் என்று சொல்லும். மகரத்தில் உச்சமானால் (மிகுந்த பலம் பெற்றால்) வேலையில். கடகத்தில் நீசமானால் உள்நோக்கித் திரும்பும், வீட்டுக்குள் வெடிக்கும். மேஷத்திலோ விருச்சிகத்திலோ ஆட்சி பெற்றால் (சொந்த வீட்டில் நின்றால்) நேரடியாக, உடனே. புதன் வீடுகளில் பேச்சாகவும் எழுத்தாகவும், சுக்கிரன் வீடுகளில் உறவுகளிலும் போகும்.

சந்திரன் இங்கே நீசம் என்று கேட்டு மனம் உடைபவர்கள் ஏராளம். நீசபங்கம் (நீசம் நீங்கும் நிலை) உண்டா என்று பாருங்கள். செவ்வாயோ, சந்திரனின் உச்ச வீடான ரிஷபத்தின் அதிபதி சுக்கிரனோ, லக்னத்துக்கோ சந்திரனுக்கோ கேந்திரத்தில் (1, 4, 7, 10) இருந்தால் பங்கம். வளர்பிறையா தேய்பிறையா என்பதையும் பாருங்கள். வைகாசிப் பௌர்ணமியை ஒட்டிப் பிறந்தவருக்குச் சந்திரன் விருச்சிகத்தில் இருந்தாலும் ஒளி நிறைந்தவன்.

விருச்சிகம் லக்னமாக வந்தால் கணக்கு வேறு. அப்போது லக்னத்திலிருந்து எண்ணினால் செவ்வாய் 1, 6ஆம் இடங்களுக்கும் சந்திரன் 9ஆம் இடத்துக்கும் அதிபதி. ஸ்திர லக்னத்துக்கு, பாக்கியத்துக்கும் அப்பா, குருவுக்கும் உரிய 9ஆம் இடமே பாதக ஸ்தானம் (தடை தரும் இடம்), ஆகவே பாக்கியத்தையும் தடையையும் ஒரே சந்திரன் கொடுப்பான். அப்பா, குரு போன்றவர்களிடம் இவர்களுக்குப் பக்தியும் மனத்தாங்கலும் ஒன்றாக இருப்பதாக மரபு சொல்வது இதனால்தான்.

ஒரு ஜாதகத்தைப் போட்டுப் பார்ப்போம்

மகர லக்னம், லக்னத்தில் செவ்வாய், சந்திரன் விருச்சிகம் 3 பாகை 10 கலை என்று வைத்துக்கொள்ளுங்கள். விசாகம் 4ஆம் பாதம், நீசம். செவ்வாய் உச்சம் பெற்று லக்ன கேந்திரத்தில், ஆகவே நீசபங்கம். நவாம்சச் சந்திரன் கடகத்தில் ஆட்சி.

தசை இருப்பு (பிறக்கும்போது நடக்கும் கிரகத்தின் காலத்தில் மீதி): விசாகம் முடிய மீதி 10 கலை. ஒரு நட்சத்திரம் 800 கலை. குரு தசை 16 வருடத்தில் எண்பதில் ஒரு பங்கு, அதாவது 0.2 வருடம்: 2 மாதம் 12 நாள். பிறகு சனி தசை 19 வருடம், அதன்பின் புதன் 17. குழந்தைப் பருவமும் பள்ளிப் பருவமும் முழுக்கச் சனியில் போகிறது.

இதை வைத்து எழுதினால்: "சின்ன விஷயத்துக்கும் உள்ளே கலங்குவார், முகத்தில் காட்ட மாட்டார். கலக்கம் வந்தால் வேலையில் இறங்கிவிடுவார். இவருடைய சிறந்த வேலைகள் மனம் சரியில்லாத நாட்களில் நடந்தவையாக இருக்கும். இளமையிலேயே பெரியவர்களின் பொறுப்பைச் சுமந்திருப்பார். தன்னை நம்பி வந்தவரிடம் தாயைப்போல நடப்பார், மற்றவர்களுக்கு அந்த முகம் தெரியாது." ஒவ்வொரு வரிக்கும் ஜாதகத்தில் ஓர் இடம் இருக்கிறது: நீசம், உச்சச் செவ்வாய், சனி தசை, கடக நவாம்சம். இடம் காட்ட முடியாத வரியை எழுதாதீர்கள்.

எங்கே தவறுகிறது

எழுதி முடித்ததும் "விருச்சிகம்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மிதுனம்" என்று போட்டுப் படியுங்கள். அப்போதும் பொருந்துகிற வரிகளை அடித்துவிடுங்கள். "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளே பயம் உண்டு" போன்றவை யாருக்கும் பொருந்தும். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குணக் குறிப்பைத் தனித்தனியாக எழுதியதுபோலக் கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் சராசரியாக 5க்கு 4.26 மதிப்பெண் போட்டார்கள். கேட்பவர் தலையாட்டுவது பலன் சரி என்பதற்குச் சான்றாகாது.

"கேட்டை மூத்த மைத்துனனுக்கு ஆகாது, விசாகம் இளைய மைத்துனனுக்கு ஆகாது" என்ற சொலவடைகளைக் குணத்தோடு கலக்காதீர்கள். ஒரு பெண்ணின் சந்திரன் நின்ற பாகையை வைத்து வரனைத் தட்டிக்கழிப்பது பெரிய அநியாயம். விசாகத்துக்கு அந்தப் பேச்சே நான்காம் பாதத்துக்கு மட்டும்தான் என்பார்கள் பலர். அதைக்கூடப் பார்க்காமல் நட்சத்திரப் பெயரைக் கேட்டதும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறார்கள். உடல்நலம், வேலைக்கு ஆள் எடுப்பது, திருமண மறுப்பு ஆகியவற்றுக்கு ராசிக் குணத்தை ஆதாரமாக்க வேண்டாம். ஒருவரோடு பேச்சைத் தொடங்கவும், அவர் தன்னைப் பற்றி யோசிக்கவும் உதவினால் போதும்.

கடைசியாக எல்லைப் பிறப்புகள். சந்திரன் மணிக்குச் சுமார் 33 கலை நகரும். மேலே பார்த்த ஜாதகத்தில் பிறந்த நேரம் 20 நிமிடம் பிந்தியிருந்தால் நட்சத்திரமே அனுஷம், நவாம்சம் சிம்மம். கடகத்தை வைத்து எழுதிய கனிவு வரி விழுந்துவிடும். கேட்டை 4ஆம் பாதத்தின் முடிவில் இன்னும் சிக்கல், அங்கே ராசியே தனுசாகிவிடும். வாக்கியப் பஞ்சாங்கமும் (பழைய வாய்பாட்டுக் கணக்கு) திருக்கணிதமும் (திருத்திய வானியல் கணக்கு) நட்சத்திர முடிவு நேரத்தில் வேறுபடுவதால், ஒன்றில் கேட்டை, மற்றதில் மூலம் என்று வருவதும் உண்டு. சந்திரன் எல்லையிலிருந்து ஒரு பாகைக்குள் இருந்தால் இரு கணிதத்திலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பாதத்தைக் காட்டினால் தொடரலாம். மாறினால் சந்திரனை வைத்துக் குணம் எழுதுவதை நிறுத்திவிட்டு லக்னத்தையும் லக்னாதிபதியையும் கொண்டு எழுதுங்கள்; லக்னமும் சந்தியில் (இரு ராசிகளின் எல்லையில்) நின்றால் பிறந்த நேரத்தைப் பிறப்புப் பதிவோடு சரிபார்க்கும்வரை எதுவும் எழுத வேண்டாம்.